மூன்று மணி விழிப்பு

“ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை” என்று வீட்டுப் பெரியவர் காலையில் அலுத்துக்கொண்டால், எத்தனை மணிக்குப் படுத்தார் என்று கேட்டுப் பாருங்கள். எட்டு மணிக்கே படுத்தவர் மூன்று மணிக்கு விழித்தால் ஏழு மணி நேரம் ஆகிவிட்டது. மத்தியானம் சாப்பிட்டதும் கண்ணயர்ந்த ஒரு மணி நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

வயதானால் தூக்கம் குறையுமா?

தேவை அவ்வளவாகக் குறைவதில்லை. 65 வயதைக் கடந்தவர்களுக்கு 7 முதல் 8 மணி நேரம் வேண்டும் என்கிறது அமெரிக்காவின் தேசியத் தூக்க அறக்கட்டளை. குறைவது ஆழ்ந்த தூக்கம். மூளைக்குள் ஓடும் உடல் கடிகாரமும் சற்று முந்திக்கொள்கிறது. பொழுது சாய்ந்ததும் கண் சொக்கும், விடியுமுன் விழிப்பு வந்துவிடும். இதை நோய் என்று சொல்ல முடியாது. சாயங்கால வெளிச்சத்தில் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தால் அந்தக் கடிகாரம் ஓரளவு பின்னால் நகரும்.

ஆயுளுக்கும் தூக்கத்துக்கும் என்ன தொடர்பு?

பிரிட்டன் அரசு ஊழியர்கள் சுமார் 8,000 பேரை 25 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2021இல் வெளியானது. 50 வயதிலிருந்தே தொடர்ந்து 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, 7 மணி நேரம் தூங்கியவர்களைவிட மறதி நோய் அபாயம் 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. அப்படியானால் நிறையத் தூங்கினால் நல்லதா? 9 மணி நேரத்துக்கு மேல் தூங்குவோரிடமும் இறப்பு விகிதம் கூடுதலாகவே தெரிகிறது. வெளியே தெரியாத மனச்சோர்வோ இதயக் கோளாறோ அவர்களைப் படுக்கையோடு கட்டிப்போட்டிருக்கலாம்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. பிரிட்டனில் சுமார் 60,000 பேரின் மணிக்கட்டில் கருவி கட்டிப் பார்த்தபோது, ஆயுளோடு அதிகம் ஒத்துப்போனது தூங்கிய மணிக்கணக்கு இல்லை. தினமும் ஒரே நேரத்தில் தூங்கி எழும் ஒழுங்குதான். ஒழுங்கு ஆரோக்கியத்தைத் தருகிறதா, ஆரோக்கியம் இருப்பவருக்கு ஒழுங்கு வாய்க்கிறதா என்பது இதிலிருந்து தெளிவாகாது. ஆனாலும் காசில்லாத மருந்து, முயன்று பார்க்கலாம். பகல் தூக்கத்தை அரை மணி நேரத்தோடு நிறுத்துங்கள். மாலைக் காபியையும் விட்டுவிடுங்கள்.

பழைய சீட்டு, பழைய மாத்திரை

என்றோ எழுதிய மருந்துச் சீட்டைக் காட்டி, தூக்கம் வர அல்பிரசோலம் மாத்திரை வாங்கிப் போடுபவர்கள் நம்மிடையே உண்டு. முதியோருக்கு இந்த வகை மாத்திரைகளைக் கூடியவரை தவிர்க்கச் சொல்கிறது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம். நடுராத்திரியில் கழிவறைக்கு எழும்போது தலை கிறுகிறுத்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு எழுந்து நடமாடுவதே பெரும்பாடு. அதற்காகச் சட்டென்று நிறுத்தியும் விடாதீர்கள்; டாக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார். நீர் பிரியும் மாத்திரையைக் காலையில் போட்டுக்கொள்ளலாமா என்றும் அவரிடமே கேளுங்கள். ராத்திரி எழுவது குறையக்கூடும்.

பலத்த குறட்டை, நடுவே மூச்சு நின்று திணறல், பகலெல்லாம் தூங்கி வழிதல், இவை இருந்தால் தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். குறட்டை விடுபவருக்கு இது தெரியாது. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள்.