கொள்வதும் கொள்கையும்

நேற்றிரவு இடப வாகனக் காட்சி நிறைவுற்றுத் திருநீறு வழங்கும் வேளையில் முதிய அன்பர் ஒருவர் நம்மைத் தூணோரம் அழைத்தார். தம் மகள் தம் சொல்லை மீறி மணம் புரிந்துகொண்டாள் என்றும், ஒன்பது ஆண்டுகளாக அவளை வாயிற்படி மிதிக்க விட்டதில்லை என்றும் கூறினார். "ஐயா, அது என் கொள்கை. கொள்கையை விடலாமா? நம் சித்தாந்தம் என்ன சொல்கிறது?" என்று வினவினார். நாளைச் சொல்வோம் என்றோம். சபையிலேயே சொல்லலாம், ஊரும் பேரும் வேண்டா என்று இசைவளித்துச் சென்றார். அவர் சொல்லிய இரண்டு சொற்களையே இன்று ஆராயப் புகுகின்றோம்.

கொள்கை என்பது 'கொள்' என்னும் பகுதியிற் பிறந்தது. 'கை' ஈண்டு உறுப்பன்று, தொழிற்பெயர் விகுதி. ஆகவே கொள்கையாவது ஒருவன் தனதாகக் கொண்டது. பழந்தமிழில் இச்சொல் ஒழுக்கத்தையும் விரதத்தையுங்கூடக் குறித்தது. வாயாற் சொல்லுவது மட்டும் கொள்கை ஆகாது என்பது அவ்வழக்கினின்றே புலப்படும். கோட்பாடும் அப்பகுதியின் வழியே வந்ததுதான்: கோள், பாடு என்னும் இரண்டும் கூடியது. ஆயினும் நிழல் வேறு. கோட்பாடு நூலில் வகுத்துரைக்கப்பட்டு நிற்பது. அதனைக் கொள்ளாதவனும் அறியலாம். அறிந்து பிறர்க்கு உரைக்கவும் செய்யலாம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பிறர் மதங்கள் 14-ஐயும் எடுத்துக் கூறி மறுக்கின்றார். அவையெல்லாம் அவர் நன்கறிந்த கோட்பாடுகள். அவற்றுள் ஒன்றும் அவர்தம் கொள்கையன்று.

மதம் என்பது வடசொல். கருத்து என்பது அதன் பொருள். நன்னூலார் நூலுக்குரிய எழுவகை மதம் கூறுமிடத்து, பிறர் கருத்துக்கு உடன்படுதலையும் அதனை மறுத்தலையும் மதம் என்றே வழங்குகின்றார். களிற்றின் கன்னத்தில் வழியும் மதமோ வேறொரு வடசொல், ஒலியும் வேறு. தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றாய்விட்டன. சிலர் நடத்தையைக் காணுங்கால், எழுத்து மட்டுமன்றிப் பொருளும் ஒன்றாய்விட்டதோ என்று ஐயுறுகின்றோம்!

இனி, சித்தாந்தம். சித்தம் என்றால் மனம், ஆகவே மனம் முடிந்த இடமே சித்தாந்தம் என்று சிலர் பொருள் விரிப்பதைக் கேட்டிருக்கின்றோம். அஃது அன்று. இங்குச் சித்தம் என்பது நிறுவப்பட்டது. அந்தம் என்பது முடிவு. பிறர் கூற்றைக் கேட்டு, தடை எழுப்பி, விடை கண்டு, அதன்பின் எய்தும் முடிந்த முடிபே சித்தாந்தம். கேட்கவும் எண்ணவும் மறுத்து முதலிலேயே இறுகிப்போனதற்கு அப்பெயர் பொருந்தாது. மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களே உடையது. ஆயினும் எதனையும் வாளா சொல்லி விடுவதில்லை. முதலில் மேற்கோள், அதன்பின் ஏது, அதன்பின் எடுத்துக்காட்டு. இக்காலத்தில் பிறர் கூற்றை எடுத்தாளுதலையே மேற்கோள் என்கின்றோம். அந்நூலில் மேற்கோள் என்பது நிறுவுதற்கு மேற்கொண்ட பொருள். அதனிலும் 'கோள்' உண்டு, காண்க. மெய்கண்டார் சொன்னாலும் ஏது வேண்டும் என்பதே அந்நூலின் முறை.

கொள்கையை உயிரினும் பெரிதாகக் கொண்டவர் நம் மரபில் இல்லையா எனின், உளர். திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனார் சிவவேடத்தையே மெய்ப்பொருள் என்று கொண்டவர். போரில் வெல்ல இயலாத முத்தநாதன் நீறு பூசி, ஏட்டுச் சுவடிக்குள் உடைவாள் மறைத்து, பள்ளியறை வரை வந்து குத்தினான். மெய்க்காவலன் தத்தன் வாளை ஓங்கினான். நாயனார் அவனைத் தடுத்து, அவ்வேடத்தானைத் தீங்கின்றி ஊரெல்லை கடத்திவருமாறு ஏவினார். அவன் பிழைத்துச் சென்ற செய்தியைக் கேட்கும்வரை உயிர் தாங்கினார். அக்கொள்கைக்கு விலை கொடுத்தவர் யார்? அவரே. பகைவன்மீதும் ஒரு கீறல் பட விட்டாரில்லை. நோன்பு என்னும் சொல்லும் இத்தன்மையதே. நோற்றல் என்றால் பொறுத்தல். நோன்பிருப்பவன் தான் பசித்திருப்பானேயன்றி, அண்டை வீட்டாரைப் பட்டினி போடுவதை யாரும் நோன்பென்று கூறார்.

மற்றொரு வரலாறும் உண்டு. அருணந்தியார் சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்றவர். மெய்கண்டார் பிறந்த குடிக்குக் குலகுரு. அவர் திருவெண்ணெய்நல்லூரில் இளம்பருவத்து மெய்கண்டாரை அணுகி, ஆணவ மலத்தின் இயல்பு யாது என்று வினவினார். மெய்கண்டார் வாய் திறவாது அவரையே நோக்கினார் என்பர். பண்டிதர் நின்ற நிலையே விடையாயிற்று. வயதும் கல்வியும் குலகுரு என்னும் தகுதியும் அக்கணமே கழன்றன, அடியில் வீழ்ந்தார். அவ்வாறு வீழ்ந்தவரே பின்னர்ச் சித்தியார் பாடினார். கொண்டதை விட்டதனால் அவருக்கு வந்த குறை யாதும் இல்லை.

அன்பர் இன்றும் வந்திருக்கின்றார். எங்கே அமர்ந்திருக்கின்றார் என்று சுட்டமாட்டோம். ஐயா, அவள் குற்றம் புரிந்தாளா இல்லையா என்று நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. தாங்கள் சித்தாந்தத்தைக் கேட்டமையால் அதன் முறையிலேயே கேட்கின்றோம். 'அவளை வீட்டில் சேர்ப்பதில்லை' என்னும் மேற்கோளைத் தங்கள் வாயால் நேற்றே கேட்டோம். ஏது யாது? ஒன்பது ஆண்டுகளாக அதற்கு விலை கொடுத்து வருபவர் யார்? நாளை மறுநாள் தேர். அதுவரை நாம் இம்மண்டபத்தில்தான் தங்கியிருப்போம்.