பூஞ்சணத்துக்குக் காத்திருக்கும் ஊர்

அக்டோபர் கடைசி வாரத்தில் ஐரோப்பாவின் பெரும்பாலான திராட்சைத் தோட்டங்கள் ஓய்ந்துவிடும். பழம் பறித்து, சாறு பிழிந்து, பீப்பாயில் நொதிக்க விட்டாயிற்று. ஹங்கேரியின் வடகிழக்கு மூலையில், ஸெம்ப்லேன் மலையடிவாரத்தில் இருக்கும் மாட் என்னும் சிற்றூரிலோ முக்கியமான வேலையே அப்போதுதான் தொடங்குகிறது. கொடிகளில் பழம் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. பொன்னிறம் போய்ப் பழுப்பேறி, தோல் சுருங்கி, மேலே சாம்பல் நிறப் பூஞ்சணம் படிந்த பழம். ஊரார் அதைப் பார்த்துக் கலங்குவதில்லை. கோடை முழுவதும் அவர்கள் எதிர்பார்த்திருந்தது அந்தப் பூஞ்சணத்தைத்தான்.

சுமார் 2,000 பேர் வசிக்கும் இந்த ஊர், டோக்காய் என்ற புகழ்பெற்ற ஒயின் வட்டாரத்தைச் சேர்ந்தது. அருகிலுள்ள டோக்காய் நகரின் பெயரே வட்டாரம் முழுவதற்கும் வந்திருக்கிறது. எந்தெந்த ஊர்கள் இந்தப் பெயரில் ஒயின் விற்கலாம் என்று 1737இலேயே அரச ஆணை எல்லை வகுத்தது. ஒயினுக்காக இப்படி எல்லை வரையப்பட்ட உலகின் மிகப் பழைய வட்டாரங்களில் இது ஒன்று. 2002இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஹங்கேரியின் தேசிய கீதமே டோக்காய் கொடிகளைப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. ஃபெரென்ட்ஸ் கோல்செய் அதை 1823இல் எழுதியபோது, இந்த ஒயின் ஐரோப்பிய அரண்மனைகளில் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தது.

இத்தனை பெருமையும் ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது. போட்ரைடிஸ் சினெரியா என்பது அதன் அறிவியல் பெயர். 200க்கும் மேற்பட்ட தாவர இனங்களைத் தாக்கக்கூடியது. ஸ்ட்ராபெரி, தக்காளி, ரோஜா, கொண்டைக்கடலை என்று எதையும் விட்டுவைப்பதில்லை. சாம்பல் அழுகல் நோய் என்று விவசாயிகள் அஞ்சுவது இதைத்தான். திராட்சைக்கும் அது எமனாகலாம். மழை விடாமல் பெய்தால் கொத்துக் கொத்தாகப் பழம் வெடித்து, புளித்து, ஒரே வாரத்தில் தோட்டம் நாசமாகும். அதே பூஞ்சை இந்த மலைச்சரிவில் வரமாகிறதென்றால், அதற்குக் காரணம் ஈரமும் வெயிலும் மாறி மாறி வரும் கணக்கு.

போட்ரோக், டிசா என்ற இரண்டு ஆறுகள் டோக்காய் நகரத்தருகே கூடுகின்றன. இலையுதிர்காலத்து இரவுகளில் குளிர்ந்த காற்று ஆற்றுநீரின் மேல் இறங்கும்போது மூடுபனி எழுந்து தாழ்வான சரிவுகளை மூடுகிறது. பூஞ்சையின் வித்து முளைக்க அந்த ஈரம் வேண்டும். முற்பகலில் வெயில் ஏறியதும் பனி விலகிவிடும். மலையிலிருந்து இறங்கும் காற்று கொத்துகளை உலர்த்தும். அந்த உலர்ச்சிதான் பூஞ்சையை மிஞ்சவிடாமல் கட்டுக்குள் வைக்கிறது. இந்தச் சுழற்சி நாள்தோறும் தொடர வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் காரியம் கெட்டுவிடும்: பனி வராவிட்டால் பழம் சாதாரணமாகவே பழுக்கும், வெயில் வராவிட்டால் அழுகும்.

பழத்துக்குள் என்ன நடக்கிறது என்பது இன்னும் சுவாரசியமானது. பூஞ்சையின் நூலிழைகள் தோலிலுள்ள நுண்துளைகள் வழியாகவும் விரிசல்கள் வழியாகவும் நுழைகின்றன. தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டினை நொதிகளால் கரைக்கின்றன. தோல் கிழிவதில்லை, ஆனால் நீரைத் தடுக்கும் வலுவை இழந்துவிடுகிறது. நண்பகல் காற்றில் பழத்தின் நீர் ஆவியாக, எடையில் பாதிக்கு மேல் போய்விடும். எஞ்சிய சாறு கூழாகக் கெட்டிப்படும்.

வெயிலில் காய்ந்த உலர் திராட்சையும் நீரை இழக்கத்தான் செய்கிறது. அதற்கும் இதற்கும் வேறுபாடு எங்கே என்றால், இங்கே பூஞ்சை சும்மா இருப்பதில்லை. சாற்றிலுள்ள சர்க்கரையிலும் அமிலத்திலும் ஒரு பங்கைத் தானே தின்கிறது. பதிலுக்குக் கிளிசராலையும் குளூக்கோனிக் அமிலத்தையும் விட்டுச்செல்கிறது. நாவில் எண்ணெய்போல் வழுக்கும் தன்மை அந்தக் கிளிசராலால் கூடுகிறது. புதிய வாசனைப் பொருள்களும் பிறக்கின்றன. அவற்றில் சோடலோன் என்ற சேர்மத்தைத் தமிழ் வாசகர்கள் மூக்கால் நன்றாகவே அறிவார்கள்: வெந்தயத்தின் மணத்துக்கு முதன்மையான காரணம் அதுதான். மிகக் குறைந்த அளவில் இருக்கும்போது அது காய்ச்சிய சர்க்கரைப்பாகின் மணமாகத் தெரியும், அளவு ஏறினால் வெந்தய மணமாக மாறும். பூஞ்சையேறிய திராட்சையின் ஒயினில் தேனும் பாகும் கலந்ததுபோன்ற மணம் வருவதில் இதற்குப் பங்குண்டு.

எல்லாத் திராட்சையும் இதைத் தாங்காது. இங்கே பெருமளவில் பயிராகும் ஃபுர்மிண்ட் என்ற வெள்ளைத் திராட்சை தாமதமாகப் பழுப்பது, அமிலம் மிகுந்தது. அந்த அமிலம் இல்லாவிட்டால் இவ்வளவு சர்க்கரையும் வெறும் திகட்டலாகவே முடியும். அதற்குத் துணையாக, மணம் மிகுந்த ஹார்ஷ்லெவெலூ என்ற வகையையும் மஸ்கட் வகையையும் வளர்க்கிறார்கள்.

இப்படிச் சுருங்கிய பழத்துக்கு அஸூ என்று பெயர். அதிலிருந்து செய்யும் ஒயினுக்கும் அதுவே பெயர். ஒரே கொத்தில் நான்கு பழம் அஸூவாக இருக்கும், பத்துப் பழம் நன்றாக இருக்கும், இரண்டு அழுகியிருக்கும். ஆகவே இயந்திரம் இங்கே உதவாது. ஒவ்வொரு பழமாகக் கையால்தான் பொறுக்க வேண்டும். ஒரே தோட்டத்துக்குள் பலமுறை திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும். கைதேர்ந்தவர் நாள் முழுக்கப் பொறுக்கினாலும் பத்துக் கிலோ சேர்ந்தால் பெரிது. அஸூவின் விலையைக் கேட்டு வியப்பவர்கள் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இந்தக் கூலியைத்தான்.

பொறுக்கிய பழம் தொட்டியில் குவிந்து கிடக்கும்போது, தன் எடையாலேயே சொட்டுச் சொட்டாகச் சாறு விடும். அதைத் தனியே பிடித்து வைக்கிறார்கள். மீதிப் பழத்தை மசித்து, அந்த ஆண்டின் புதுச் சாற்றிலோ, நொதித்துக்கொண்டிருக்கும் சாற்றிலோ, புது ஒயினிலோ ஊறவைக்கிறார்கள். ஒன்றிரண்டு நாள் ஊறியதும் பிழிந்து பீப்பாய்க்கு மாற்றுகிறார்கள். உலகின் மற்ற இனிப்பு ஒயின்களில் பெரும்பாலானவை பழத்தை நேரே பிழிந்து செய்பவை. பழத்தை இன்னொரு சாற்றில் ஊறவைத்து அதன் சாரத்தை இழுக்கும் இந்த முறை டோக்காய்க்கே உரிய தனி வழி.

எவ்வளவு பழம் சேர்ப்பது என்பதற்குப் பழைய அளவை ஒன்று உண்டு. புட்டோன் என்பது முதுகில் சுமக்கும் மரக்கூடை, சுமார் 25 கிலோ பிடிக்கும். அருகிலுள்ள கோன்ட்ஸ் என்ற ஊர்க்காரர்கள் செய்த பீப்பாய் 136 லிட்டர் கொள்ளும். ஒரு பீப்பாய்க்கு மூன்று கூடை போட்டால் மூன்று புட்டோன் ஒயின், ஆறு கூடை போட்டால் ஆறு. இன்று கூடையை யாரும் எண்ணுவதில்லை. ஒயினில் மிஞ்சியிருக்கும் சர்க்கரையை ஆய்வகத்தில் அளந்துதான் எண் தருகிறார்கள். 2013க்குப் பிறகு மூன்றும் நான்கும் விதியிலிருந்து நீங்கிவிட்டன. லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை இருந்தால்தான் அஸூ என்று சொல்லலாம். அந்தக் கண்டிப்பு சரியானதே. மலிவான இனிப்பு ஒயின்களால் இந்தப் பெயர் ஒருமுறை கெட்டுத் தேறியிருக்கிறது.

மாட் ஊருக்குப் போகிறவர்கள் தோட்டத்தோடு நின்றுவிடக் கூடாது. மலைச்சரிவில் இருப்பது போலவே மலைக்கு அடியிலும் ஓர் உலகம் இருக்கிறது. ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இந்த வட்டாரம் எரிமலைகள் நிறைந்த பூமி. அவை கக்கிய சாம்பல் இறுகி உருவான மென்பாறையைக் கைக்கருவியாலேயே குடையலாம், குடைந்த பின் சரியாமல் நிற்கும். அப்படிக் குடைந்த நிலவறைகளில்தான் தலைமுறை தலைமுறையாக ஒயின் முதிர்கிறது. வெளியே கோடையானாலும் பனிக்காலமானாலும் உள்ளே 10 முதல் 12 டிகிரி குளிர்தான். காற்றில் ஈரப்பதம் எப்போதும் மிக அதிகம்.

விளக்கை உயர்த்திப் பார்த்தால் சுவர்கள் கன்னங்கரேலென்று இருக்கும். தொட்டால் கம்பளிபோல் மெத்தென்று கைக்குப் படும். அது புகையோ அழுக்கோ இல்லை, இந்த ஊர் வளர்க்கும் இரண்டாவது பூஞ்சை. ஸாஸ்மிடியம் செல்லாரே என்று அதற்குப் பெயர். அது ஒயினைத் தொடுவதே இல்லை. ஓக் மரப் பீப்பாயின் நுண்துளைகள் வழியாக எப்போதும் சிறிது ஆவி வெளியேறிக்கொண்டிருக்கும். அறை ஈரமாக இருப்பதால் நீர் மெதுவாகத்தான் ஆவியாகிறது, ஆல்கஹால் அதைவிட விரைந்து போய்விடுகிறது. காற்றில் மிதக்கும் அந்த ஆல்கஹாலையே உணவாகக் கொண்டு இந்தப் பூஞ்சை சுவரில் படர்கிறது. ஒயின் இல்லாத நிலவறையில் அது இப்படிச் செழிக்காது. பெரும்பாலான உற்பத்தியாளர்கள் அதைத் துடைப்பதில்லை. அறையின் ஈரம் ஏறாமலும் இறங்காமலும் இருக்க அது துணை செய்கிறது என்பது அவர்கள் அனுபவம்.

இந்தத் தொழிலைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். 1630 வாக்கில் துருக்கியர் படையெடுப்புக்கு அஞ்சி அறுவடை தள்ளிப்போனதாம். ஜுஜானா லோராண்ட்ஃபி என்ற சீமாட்டியின் தோட்டத்தில் பழம் சுருங்கிப் பூஞ்சணம் பிடித்ததாம். மாடே செப்ஷி லாட்ஸ்கோ என்ற போதகர் அதை வீணாக்காமல் ஒயினாக்கினாராம். கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 1571ஆம் ஆண்டின் சொத்து ஆவணம் ஒன்றில் அஸூ ஒயின் பற்றிய குறிப்பு இருக்கிறது. 1590இல் அச்சான அகராதியிலும் அந்தச் சொல் உண்டு. போதகருக்கு முன்பே பெயர் தெரியாத பல கைகள் பல ஆண்டுகள் சோதித்துச் சோதித்து இதை அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலான கைத்தொழில்களின் பிறப்பு அப்படித்தான். ஒற்றை மனிதருக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒயினைச் செய்வது ஒரு பாதி, விற்பது மறுபாதி. ரஷ்யப் பேரரசு தன் அரண்மனைக்கு ஒயின் வாங்குவதற்காகவே 1733 முதல் 1798 வரை டோக்காயில் ஓர் அலுவலகம் வைத்திருந்தது. போலந்துக்கும் வடக்கு நாடுகளுக்கும் பீப்பாய்களைக் கொண்டுசேர்த்ததில் யூத வணிகர்களின் பங்கு பெரிது. மாட் அவர்களுடைய முக்கியமான ஊர்களில் ஒன்று. 1795இல் அவர்கள் கட்டிய தொழுகைக்கூடம் ஊருக்குள் இன்றும் நிற்கிறது. உயரமான வெள்ளைக் கட்டடம், உள்ளே பூவேலைப்பாடு, பக்கத்திலேயே குருவின் வீடு. சீராகப் புதுப்பித்திருக்கிறார்கள். தொழ வரும் சமூகம்தான் இல்லை. 1944இல் மாட் யூதர்களைத் திரட்டி, ஷாடோராயாஉய்ஹெய் நகரத்துச் சேரி முகாம் வழியாக ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவர்கள் மிகச் சிலரே. டோக்காய் ஒயினின் பெருமையைப் பேசும் வழிகாட்டி நூல்கள் பல, அதைச் சந்தைக்குக் கொண்டுபோன மக்களை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஊருக்குப் போகிறவர்கள் நிலவறைக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பங்கையாவது அந்தக் கூடத்துக்கு ஒதுக்க வேண்டும்.

போருக்குப் பிறகு தோட்டங்கள் அரசுடைமையாயின. டிராக்டர் ஏற முடியாத செங்குத்துச் சரிவுகள் கைவிடப்பட்டு, கொடிகள் சமவெளிக்கு இறங்கின. சோவியத் சந்தைக்கு அளவு வேண்டியிருந்தது, தரத்தை யாரும் கேட்கவில்லை. 1989க்குப் பிறகுதான் காடு மண்டிய சரிவுகளை மீட்டெடுக்கும் வேலை தொடங்கியது. வெளிநாட்டு முதலீடு வந்தது. 1990இல் தொடங்கிய ராயல் டோக்காய் நிறுவனத்துக்கு மாட்தான் தலைமையிடம். உள்ளூர்க்காரரான இஷ்ட்வான் செப்ஷி ஒவ்வொரு சரிவின் மண்ணையும் தனித்தனியே ஆராய்ந்து, அந்தந்தச் சரிவின் பெயரிலேயே ஒயின் வெளியிட்டார். செயின்ட் தாமஸ், பெட்செக், உராக்யா என்ற அந்தச் சரிவுப் பெயர்களை இன்று உலகெங்கும் ஒயின் பிரியர்கள் அறிவார்கள். 2000ஆம் ஆண்டு விளைச்சலில் அவர் செய்த இனிப்பில்லாத உராக்யா ஃபுர்மிண்ட், இந்த மண்ணுக்குப் பூஞ்சணம் இல்லாமலும் பேச்சு உண்டு என்று காட்டியது. அஸூ எல்லா ஆண்டும் வாய்ப்பதில்லை என்பதால், இனிப்பில்லாத ஒயின்தான் இப்போது பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

சுவைக்கப் போகிறவர்களுக்கு ஒரு வரிசை உண்டு, அதை மாற்றக் கூடாது. முதலில் இனிப்பில்லாத ஃபுர்மிண்ட். அடுத்து சமோரோட்னி: நல்ல பழத்தையும் சுருங்கிய பழத்தையும் பிரிக்காமல் கொத்தோடு பிழிந்து செய்வது. பிறகு அஸூ, அதிலும் ஐந்துக்குப் பின்பே ஆறு. கடைசியில், தொட்டியில் தானாகச் சொட்டிய அந்தச் சாறு. எசென்ட்சியா என்று அதைச் சொல்கிறார்கள். லிட்டருக்கு 450 கிராமுக்கு மேல் சர்க்கரை. அவ்வளவு சர்க்கரைக்கு நடுவில் ஈஸ்ட்டால் எளிதில் இயங்க முடிவதில்லை: சுற்றியுள்ள கெட்டிச் சாறு ஈஸ்ட் செல்லுக்குள்ளிருந்து நீரை வெளியே இழுத்துவிடும், தேன் கெடாமல் இருப்பதும் இதே காரணத்தால். எனவே எசென்ட்சியா ஆண்டுக்கணக்கில் நொதித்தும் ஆல்கஹால் ஐந்தாறு சதவீதத்தைத் தாண்டுவது அரிது, சில பீப்பாய்களில் அதில் பாதியைக்கூட எட்டாது. இதைக் கோப்பையில் ஊற்றுவதில்லை, கண்ணாடிக் கரண்டியில்தான் தருவார்கள்.