காட்சியும் பயிற்சியும்: பீட் கவிதை விட்டுச்சென்றவை

அரபு இலக்கிய வகுப்பில் நவீன கவிதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள் மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், போதையிலும் கட்டற்ற வாழ்விலும் கிடந்தவர்களின் கவிதையில் நாம் கற்பதற்கு என்ன இருக்கிறது?" என்று வினவினார். அமெரிக்காவின் பீட் கவிஞர்களைக் குறித்து எழுந்த வினா அது. அவர்களிடம் குறையில்லை என்று கூறினால் அது உண்மையாகாது. கற்க ஏதுமில்லை என்று கூறினால் அது நேர்மையாகாது. அன்று சுருக்கமாகச் சொன்ன விடையைச் சற்று விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் செல்வமும் அச்சமும் ஒருசேரப் பெருகின. பொருளே வாழ்வு என்ற அக்காலப் போக்கை மறுத்தெழுந்த இளைஞர் கூட்டமே பீட் தலைமுறை. 'பீட்' என்னும் சொல்லுக்குக் களைத்துச் சோர்ந்த நிலை என்றும் தாளம் என்றும் பொருளுண்டு. ஜாக் கெரூவாக் அதில் 'பேறுபெற்ற நிலை' என்னும் ஆன்மிகப் பொருளையும் கண்டார். 1955 அக்டோபர் 7 அன்று சான் பிரான்சிஸ்கோவின் சிக்ஸ் கேலரியில் ஐந்து கவிஞர்கள் மக்கள் முன் தம் கவிதைகளை வாசித்தனர். அவர்களுள் ஒருவரான ஆலன் கின்ஸ்பர்க் (1926-1997) வாசித்தது 'ஹவுல்', அதாவது 'ஓலம்', என்னும் நெடுங்கவிதை. 1956இல் சிட்டி லைட்ஸ் பதிப்பகம் அதை நூலாக்கியது. ஆபாச வழக்கு தொடரப்பட்டது. 1957இல் நீதிபதி கிளேட்டன் ஹார்ன், அந்நூல் சமூக மதிப்புடையது எனக் கூறிப் பதிப்பாளரை விடுவித்தார்.

இக்கவிதைக்கு முன்னோர் பலர். 18ஆம் நூற்றாண்டில் மனநோய் விடுதியில் அடைபட்டிருந்த கிறிஸ்டபர் ஸ்மார்ட், ஒரே சொல்லில் மீண்டும் மீண்டும் தொடங்கும் அடிகளால் இறைவனைத் துதித்தார். அந்தக் கையெழுத்துப் படி 1939இல்தான் அச்சேறியது. வில்லியம் பிளேக் (1757-1827) சிறு வயது முதலே புறக்கண்ணுக்குப் புலப்படாதவற்றைக் கண்டதாகச் சொன்னவர். வால்ட் விட்மன் (1819-1892) யாப்பைத் துறந்து, நீண்ட அடிகளில் 'புல்லின் இலைகள்' நூலை 1855இல் வெளியிட்டார். இவர்களிடமிருந்தே கின்ஸ்பர்க் ஒரு மூச்சில் ஓதத்தக்க நெடிய அடியைப் பெற்றார்.

இதே ஊற்று அரபு மொழிக்கும் பாய்ந்தது என்பதை நம்மில் பலர் கருதிப்பார்ப்பதில்லை. அமெரிக்காவில் குடியேறிய லெபனான் எழுத்தாளர் அமீன் ரைஹானி (1876-1940), விட்மனைப் படித்தே அரபியில் 'அஷ்ஷிஃருல் மன்ஸூர்' எனப்படும் வசன கவிதையை வளர்த்தார். கலீல் ஜிப்ரான் பிளேக்கைப் போற்றினார். பின்னாளில் சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த ஈராக்கியக் கவிஞர் சர்கோன் பூலுஸ் (1944-2007), கின்ஸ்பர்க்கையே அரபியில் பெயர்த்தார். நவீன அரபுக் கவிதையைக் கற்பவர் பீட் கவிதையை முற்றிலும் அயலாரின் சொத்தாகக் கருத இயலாது.

இனி, மாணவர் எழுப்பிய வினாவின் மையத்துக்கு வருவோம். 1948இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஓர் அறையில் இருந்தபோது பிளேக்கின் குரலே தம் செவியில் ஒலித்ததாகக் கின்ஸ்பர்க் கூறினார். அந்தக் கணத்தை மீட்டெடுக்க அவர் போதைப் பொருள்களை நாடினார். சுமார் 15 ஆண்டுகள் அத்தேடலிலேயே கழிந்தன. இந்தியாவில் தங்கித் துறவியர் பலரைச் சந்தித்தபின், 1963இல் ஜப்பானில் ரயில் பயணத்தின்போது எழுதிய 'மாற்றம்' என்னும் கவிதையில் அம்முயற்சியைக் கைவிட்டார்.

ஸூஃபி மேதைகள் 'ஹால்' என்றும் 'மகாம்' என்றும் இரண்டைப் பிரித்துரைப்பர். ஹால் இறைவன் புறத்திலிருந்து தானே வந்து தானே நீங்கும் நிலை. மகாம் இடையறாத பயிற்சியால் அடைந்து நிலைக்கும் படி. வந்து நீங்கிய ஹாலைச் செயற்கையாக வரவழைக்க முயன்றதே பீட் தலைமுறையின் பெரும் பிழை எனலாம். குடியால் உடல் நலிந்த கெரூவாக் 1969இல், 47ஆம் வயதில் மறைந்தார். முன்னோர் அவ்வாறு செய்யவில்லை. பிளேக் இறுதி நாள்கள் வரை செதுக்கோவியத் தொழிலை விடவில்லை. விட்மன் உள்நாட்டுப் போர்க்கால மருத்துவமனைகளில் காயமுற்ற வீரர்களின் அருகிருந்து பணி செய்தார். அவர்களின் காட்சிக்கு உழைப்பு காவலாக நின்றது.

பீட் கவிஞர்களிலும் நிலைத்தவர்கள் இவ்வழிக்குத் திரும்பியவர்களே. கேரி ஸ்னைடர் ஜப்பானில் பல்லாண்டுகள் ஜென் பயிற்சி பெற்றார். கின்ஸ்பர்க் 1971இல் கிழக்கு வங்காள அகதிகளின் முகாம்களை நேரில் கண்டு, ஜெஸ்ஸூர் சாலையைப் பற்றிக் கவிதை எழுதினார். தன் அகக்காட்சியைப் பாடிய அதே குரல் அங்குப் பிறர் பசிக்குச் சாட்சியம் கூறிற்று.

நமக்கு மிக நெருங்கிய சான்று டேனியல் மூர் (1940-2016). கலிபோர்னியாவில் பிறந்த இவரின் முதல் நூலான 'வைகறைக் காட்சிகள்' 1964இல் அதே சிட்டி லைட்ஸ் பதிப்பகத்தில் வெளிவந்தது. 1970இல் இஸ்லாத்தை ஏற்று, மொராக்கோவின் மெக்னாஸ் நகரத்து ஷைகு முஹம்மது இப்னுல் ஹபீப் (ரஹ்) அவர்களின் சீடரானார். காயல்பட்டினத்திலும் கொழும்பிலும் வேரூன்றிய ஷாதுலிய்யா தரீக்காவின் ஒரு கிளையே அவர்களுடையது. டேனியல் அப்துல் ஹை மூர் எனப் பெயர் பூண்டு 1972இல் ஹஜ் நிறைவேற்றிய அவர், 1996இல் ரமலான் மாதத்தைப் பொருளாகக் கொண்ட கவிதை நூலை வெளியிட்டார். அதிலும் சிட்டி லைட்ஸின் பெயர் இருந்தது. காட்சி தேடிப் புறப்பட்ட கவிஞர் நோன்பின் ஒழுங்கில் அதற்கு நிலைத்த இடம் கண்டார். அதற்காக அவர் தம் கவிதையைத் துறக்க நேரவில்லை.

கவிஞர்கள் என்னும் பெயரிலேயே ஒரு சூராவைக் கொண்ட திருக்குர்ஆன், அவர்களுள் ஈமான் கொண்டு நற்செயல் புரிவோரை விலக்கிக் காட்டுகிறது. ஆகவே மாணவருக்கு நான் அளித்த விடை இதுதான்: அவர்களின் போதை அவர்களோடு போயிற்று. உரக்க ஓதும் கவிதையும், அநீதிக்கு எதிரான ஓலமும், மறைவானவற்றின் மீதான தாகமும் எஞ்சியுள்ளன. அத்தாகத்தைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. அதைத் தணிக்கும் நீர் எது என்பதைத் தேர்வதில்தான் அறிவு தேவைப்படுகிறது.