கோடைக்கு ஏற்ற புதினாப் பானங்கள்

கங்கைவரை படை நடத்திய முதலாம் இராஜேந்திர சோழன், தன் வெற்றியின் நினைவாகச் சோழகங்கம் என்னும் பேரேரியை அமைத்தான். நீராலான வெற்றித்தூண் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு அதனைச் சிறப்பிக்கின்றது. இன்று பொன்னேரி என வழங்கும் அவ்வேரியை அடுத்து வாழும் நாம் நீரின் அருமையை மறக்கலாகாது.

சென்ற கோடையில் ஒரு நாள், இவ்வட்டாரத்து நெசவாளர் அங்கத்தினர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். உச்சி வேளை. வறண்ட காற்றுப் பட்டால் இழை அறுமென்று சன்னலைச் சாத்திவிட்டுக் குழித்தறியில் அமர்ந்திருந்தார். காலை முதல் தண்ணீர் அருந்தினீர்களா என வினவினேன். “எழுந்தால் வேலை கெடும் ஐயா” என்றார். எனக்காகக் கடையிலிருந்து வண்ணப்பானம் ஒரு புட்டி வரவழைத்தார். அவர் வீட்டுக் கொல்லையிலோ புதினா மண்டிக் கிடந்தது! அன்று மாலையே, விற்பனையாகாமல் வாடிய புதினாக் கட்டுகளைத் தோட்டக்கார அங்கத்தினர் ஒருவர் எருக்குழியில் கொட்டுவதைக் கண்டேன். ஒருவருக்குத் தாகம், மற்றவருக்கு நட்டம்.

புதினா உடற்சூட்டைத் தானே தணிக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. வியர்வையில் வெளியேறும் நீரையும் உப்பையும் ஈடு செய்வதே உடலைக் காக்கும். புதினாவின் மணமும் சுவையும் அந்நீரை விரும்பிப் பருகச் செய்கின்றன. தாகம் தோன்றுமுன்னரே சிறிது சிறிதாகப் பருகுதல் நலம்.

புதினா நீர்மோர்: ஒரு கிண்ணம் தயிருக்கு மூன்று கிண்ணம் காய்ச்சி ஆறிய நீர் விட்டுக் கடைக. ஒரு பிடி புதினா, சிறு துண்டு இஞ்சி, சில கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றை அம்மியில் நைத்துச் சேர்த்து, பெருங்காயம் சிறிது கலந்து வடிகட்டுக. தறியில் அமர்வோருக்கு இதுவே முதன்மையானது.

புதினாப் பானகம்: வெல்லத்தை நீரில் கரைத்து வடிகட்டி, சுக்கும் ஏலமும் பொடித்திடுக. கசக்கிய புதினா இலைகளைக் கால் மணி நேரம் ஊறவிட்டு எடுத்துவிடுக. எலுமிச்சைச் சாற்றை இறுதியில் சேர்க்க வேண்டும். முன்னரே சேர்த்தால் இலையின் பச்சை நிறம் மங்கும்.

நுங்குப் புதினா: இளநுங்கைத் தோலுரித்துச் சிறு துண்டுகளாக நறுக்கி, புதினாச் சாறு ஒரு கரண்டியும், சிறிது பனங்கற்கண்டும், சில துளி எலுமிச்சைச் சாறும் கலந்து பிள்ளைகளுக்கு அளிக்கலாம். மண்பானை நீரில் பாத்திரத்தை வைத்தால் குளிர்ந்திருக்கும், பனிக்கட்டி தேவையில்லை.

ஈரமண்ணில் படர்வதாகையால், புதினாவை உப்பு நீரில் அலசிய பின், நல்ல நீரில் மீண்டும் கழுவுதல் அவசியம். இரத்த அழுத்தம் உடையோர் உப்பையும், நீரிழிவு உடையோர் வெல்லத்தையும் பனங்கற்கண்டையும் மருத்துவரின் யோசனைப்படி அளவறிந்து கொள்க.

இதனை வளர்ப்பதும் எளிது. கடையில் வாங்கிய கட்டில் இலைகளைக் கிள்ளிக்கொண்டு, தண்டுகளை நீரில் இட்டு வைத்தால் சில நாட்களில் வேர்விடும். சிறிது நிழலும் ஈரமும் உள்ள இடத்தில், அல்லது உடைந்த பானையில் நடலாம். நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளைகள் தழைக்கும். பறித்த கட்டை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் விரைவில் வாடாது.

அங்கத்தினர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. கோடை முடியும்வரை நெசவாளர் சங்க வாயிலில் ஒரு பானை புதினா மோர் வைப்போமாக. அதற்கு வேண்டும் புதினாவை விவசாய அங்கத்தினரிடம் அன்றாடம் நேரே வாங்குவோமாக. ஒவ்வொரு தறியருகிலும் ஒரு செம்பு மோர், கை நீட்டினால் எட்டும்படி இருக்கட்டும். எழாமலே பருகலாம், வேலையும் கெடாது. உழுபவரின் விளைவு நெய்பவரின் தாகத்தைத் தணிக்குமாயின், கூட்டுறவு என்னும் சொல்லுக்கு அதைவிட எளிய விளக்கம் வேண்டுவதில்லை.