சோடியம் அணு குளிரும், சோடியம் கட்டி குளிராது

1985-ல் பெல் ஆய்வகத்துல ஸ்டீவன் சூவும் அவர் குழுவும் ஆறு லேசர் கற்றைகளை நடுவுல சந்திக்க வெச்சு, சோடியம் அணுக்களை 240 மைக்ரோகெல்வின் வரைக்கும் குளிர வெச்சாங்க. சோடியம் ஒரு உலோகம்தானே? அப்போ ஒரு சோடியம் கட்டி மேல அதே மஞ்சள் லேசரை அடிச்சா? ரொம்ப நாள் நான், லேசர் கொஞ்சம் பெரிசா இருந்தா போதும்னு நெனச்சிட்டிருந்தேன். தப்பு. கட்டி சூடாகத்தான் செய்யும்.

வாயுவில் இருக்கும் தனி அணு, குறிப்பிட்ட ஆற்றல் உள்ள ஒளியை மட்டும்தான் உட்கொள்ளும். லேசரின் ஆற்றலை அதுக்குச் சற்றுக் கீழே வெச்சா, லேசரை எதிர்த்து ஓடி வர்ற அணுவுக்கு மட்டும் டாப்ளர் விளைவால அது பொருந்தும். ஒளி அந்த அணுவைப் பின்னுக்குத் தள்ளும். சுமார் 16 நானோ நொடியில அணு ஒளியை வெளியே விட்டுடும். உட்கொண்டதைவிடச் சராசரியாகக் கொஞ்சம் அதிக ஆற்றலோட விடும். அந்த அதிகம் அணுவோட ஓட்டத்திலிருந்து போகுது.

கட்டியில இந்த ரெண்டுமே நடக்காது. எலக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகள் இடைவெளி இல்லாத பட்டையாகி விடுகின்றன. விழுற ஒளியில பெரும்பகுதி திரும்பிப் போயிடும். உள்ளே போன பகுதியை எலக்ட்ரான்கள் ஒரு பிக்கோ நொடிக்குள்ளேயே தங்களுக்குள்ள பங்கு போட்டுக்கும். அடுத்த சில பிக்கோ நொடியில அது அணுக்கூட்டின் அதிர்வாகிடும். ஒளியாகத் திரும்ப நேரமே இல்ல. (இட்டெர்பியம் கலந்த சில படிகங்கள் ஒளியைத் திருப்பிக் கொடுக்கும். அவற்றை லேசராலேயே 91 கெல்வின் வரை கொண்டுபோயிருக்காங்க. உலோகத்துக்கு அந்த வழி இல்லை.)

குளிர்ந்த உலோகத்துல நிலைமை இன்னும் மோசம். 63.5 கிராம் தாமிரத்துக்கு 1 மில்லிஜூல் ஆற்றல் கொடுங்க. அறை வெப்பநிலையில அது 0.00004 டிகிரிதான் ஏறும். அதே தாமிரம் 1 கெல்வினில் இருந்தா, கிட்டத்தட்ட 1.9 கெல்வினுக்குத் தாவிடும்! காரணம், அணுக்கூட்டின் வெப்ப ஏற்புத்திறன் வெப்பநிலையின் மும்மடியில் சரியுது. எலக்ட்ரான்களோடது நேர்விகிதத்தில்தான் குறையுது. தாமிரத்துல சுமார் 4 கெல்வினுக்குக் கீழே எலக்ட்ரான்களின் பங்குதான் பெரிசு, ஆனா அதுவும் ரொம்பச் சின்னத் தொகை.

எனக்குப் பிடிச்ச பகுதி இதுக்கு அப்புறம்தான். எலக்ட்ரான்கள் அணுக்கூட்டுக்கு வெப்பத்தைக் கடத்தும் வேகம், பல உலோகங்களில் இரண்டோட வெப்பநிலைகளின் ஐந்தாம் அடுக்குகளுக்கு இடையேயான வித்தியாசத்தைப் பொறுத்தது. ரெண்டு வெப்பநிலையையும் பாதியாக்கினா வேகம் 32-ல் ஒரு பங்காகிடும். 0.1 கெல்வின் பக்கம் போனா ரெண்டும் ஏறக்குறைய பேச்சுவார்த்தையை நிறுத்திக்கும். அங்கே லேசர் ஒளி கொஞ்சம் கசிஞ்சா போதும், கூடு குளிர்ந்தே கிடக்க, எலக்ட்ரான்கள் மட்டும் சூடாகத் திரியும். உலோகத்தைப் பிடிச்சிருக்கிற தாங்கியில மாட்டின வெப்பமானி 0.1-னே காட்டிட்டிருக்கும்.