காலையில் மட்டும் ஏன் வாந்தி?

எழுந்ததும் தலைவலி, ஒரு வாந்தி. பிறகு பிள்ளை தெளிந்து விளையாடப் போய்விடுகிறது. பித்தம் என்று விட்டுவிடுகிறோம். வாரக்கணக்கில் இது நீடித்தால் வயிற்றை மட்டும் பார்த்தால் போதாது.

குழந்தைகளின் மூளைக் கட்டிகளில் பல, பின்மண்டையில் சிறுமூளையை ஒட்டி வளர்கின்றன. அதன் முன்னால் இருக்கும் நான்காவது அறை வழியாகத்தான் மூளைக்குள் ஓயாமல் சுரக்கும் திரவம் வெளியேறுகிறது. கட்டி அதை அடைத்தால் திரவம் தேங்கி மண்டைக்குள் அழுத்தம் கூடும். தூக்கத்தில் மூச்சு மந்தமாகி, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சற்றே ஏற, மூளையின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. படுத்த நிலையும் சேர்ந்துகொள்ள, விடியும்போது அழுத்தம் உச்சத்தில் இருக்கிறது. கூடவே நடையும் தள்ளாடினால் தாமதிக்கவே கூடாது, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

பின்மண்டையில் வளரும் கட்டிகள் எல்லாம் ஒரே குணம் கொண்டவை அல்ல. பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா மெதுவாக வளரும்; முழுதாக அகற்றிவிட்டால் பெரும்பாலும் குணம்தான். மெடுல்லோபிளாஸ்டோமா வேகமானது, திரவத்தோடு தண்டுவடத்துக்கும் பரவக்கூடியது. 1925-இல் மருத்துவர்கள் பெய்லியும் குஷிங்கும் பெயரிட்ட இந்தக் கட்டியை இன்று மரபணு மாற்றங்களை வைத்துப் பிரிக்கிறார்கள். அதில் டபிள்யூஎன்டி வகை வந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையால் பிழைக்கிறார்கள். மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில் ஊடுருவிப் பரவும் கட்டியைத்தான் இன்னும் வெட்டியெடுக்க முடியவில்லை. உயிர்நாடியான நரம்பிழைகளுக்கு நடுவே அது கலந்து கிடக்கிறது.