தொடக்கநிலை மதிப்பீடுகளும் பெற்றோர் புரிதலும்: வாசிப்பு, கணிதத் திறன்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழகத் தொடக்கப் பள்ளிகளில் மாணவர்தம் வாசிப்புத் திறனும் கணிதத் திறனும் பல்வேறு முறைகளில் மதிப்பிடப்படுகின்றன. அம்மதிப்பீடுகள் எதனை அளக்கின்றன என்பதைப் பெற்றோர் அறியாதவிடத்து, மதிப்பெண் குழந்தையின் அறிவுக்குரிய தீர்ப்பாகக் கொள்ளப்படுகிறது. மதிப்பீடுகளின் வகைகளையும், தமிழ் வாசிப்பிலும் எண்ணறிவிலும் அவை வெளிப்படுத்தும் நுட்பங்களையும், பெற்றோர் அவற்றைப் பயன்கொள்ளும் முறையையும் விளக்குவதாக இக்கட்டுரை அமைகின்றது.

திறவுச்சொற்கள்: தொடக்கக் கல்வி, எண்ணும் எழுத்தும், வளரறி மதிப்பீடு, வாசிப்புத் திறன், எண்ணறிவு, பெற்றோர்.

முன்னுரை

எண்ணையும் எழுத்தையும் கண்ணோடு ஒப்பிடுவது தமிழ் மரபு. திருக்குறளின் கல்வி அதிகாரத்திலும் ஔவையாரின் கொன்றைவேந்தனிலும் இவ்வொப்புமை இடம்பெறுகிறது. தமிழக அரசு 2022-23 ஆம் கல்வியாண்டில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கிய திட்டத்திற்கு ‘எண்ணும் எழுத்தும்’ என்று பெயரிட்டமை இம்மரபின் தொடர்ச்சியே ஆகும். எட்டு வயதிற்குட்பட்ட குழந்தைகள் அனைவரும் 2025 ஆம் ஆண்டிற்குள் அடிப்படை எண்ணறிவும் எழுத்தறிவும் பெறவேண்டும் என்பது அதன் இலக்காக வகுக்கப்பட்டது. பின்னர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் அத்திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. இத்தகைய திட்டங்கள் பயன்தர வேண்டுமாயின், மதிப்பீட்டின் மொழியைப் பள்ளியைப் போலவே வீடும் அறிந்திருத்தல் வேண்டும்.

மதிப்பீட்டின் வகைகள்

பெற்றோர் எதிர்கொள்ளும் மதிப்பீடுகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, வளரறி மதிப்பீடு. கற்றல் நிகழும்போதே ஆசிரியர் செயல்பாடுகள், வினாக்கள், சிறுதேர்வுகள் வழியாக மாணவரின் நிலையை அறிவது இதுவாகும். அடுத்து எதனைக் கற்பிப்பது, எவருக்கு மீண்டும் கற்பிப்பது என்பதைத் தீர்மானிப்பதே இதன் நோக்கம்.

இரண்டாவது, தொகுத்தறி மதிப்பீடு. பருவத்தின் முடிவில், அதுவரை கற்றவற்றைத் தொகுத்து அளப்பது. தமிழகத்தில் 2012-13 இல் முப்பருவ முறையுடன் நடைமுறைக்கு வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையில், வளரறி மதிப்பீட்டிற்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டிற்கு 60 என மதிப்பெண்கள் பகுக்கப்பட்டன.

மூன்றாவது, பேரளவு ஆய்வுகள். பிரதம் அமைப்பு 2005 முதல் வீடுகள்தோறும் சென்று நடத்திவரும் ‘ஏசர்’ ஆய்வும், நடுவண் அரசின் தேசிய அடைவு ஆய்வும் இவ்வகையின. இவை தேர்ந்தெடுக்கப்பட்ட மாதிரிகளைக் கொண்டு மாவட்டம், மாநிலம் ஆகியவற்றின் நிலையை உரைப்பன. ஒரு குறிப்பிட்ட பள்ளியைப் பற்றியோ குழந்தையைப் பற்றியோ அவை முடிவுரைப்பதில்லை. எனவே, நாளிதழில் வரும் மாநில விழுக்காட்டினைக் கண்டு தம் குழந்தையின் பள்ளியை மாற்றத் துணிவது பொருத்தமற்றது.

நிலைகளின் பொருள்

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகள் உள்ளன. இவை தரவரிசையைக் குறிப்பன அல்ல. மாணவர் இப்பொழுது எத்திறனில் நிற்கிறார் என்பதனைக் குறிப்பன. மூன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் அரும்பு நிலையில் இருப்பின், அவருக்குரிய பயிற்சி அங்கிருந்து தொடங்கவேண்டும் என்பதே அதன் பொருள். ‘மூன்றாம் வகுப்பு வந்தும் அரும்புதானா?’ என்று வீட்டில் இகழப்படும் குழந்தை, தெரியாததை மறைக்கக் கற்றுக்கொள்கிறது. மறைக்கப்பட்ட குறையை எம்மதிப்பீடும் வெளிக்கொணர இயலாது. இழப்பு இங்குதான் தொடங்குகிறது.

வாசிப்பை மதிப்பிடுதல்

ஏசர் ஆய்வின் வாசிப்புக் கருவி எழுத்து, சொல், முதல் வகுப்பு நிலையிலான பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையிலான கதை என்னும் நான்கு படிகளை உடையது. எளிய இப்படிநிலையைப் பெற்றோரும் மனத்தில் கொள்ளலாம். எழுத்துகளை அறிந்த குழந்தை சொல்லில் தடுமாறுகிறதா, சொல்லை அறிந்தது தொடரில் தடுமாறுகிறதா என்று காண்பது, ‘படிக்கத் தெரியவில்லை’ என்று பொதுப்படக் கூறுவதைவிடப் பயனுடையது.

தமிழ் வாசிப்பிற்கெனச் சில தனித்தன்மைகள் உள. ஒன்று, ஒரே வல்லின எழுத்து இடத்திற்கேற்ப ஒலிவேறுபாடு கொள்வது. கல், தங்கம், பகல் ஆகிய சொற்களில் ககரம் மூவகையாக ஒலிப்பதைக் காணலாம். இரண்டு, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு ஆகியவற்றால் அமையும் குறில் நெடில் வேறுபாடு. மூன்று, பேச்சுவழக்கிற்கும் எழுத்துவழக்கிற்கும் உள்ள இடைவெளி. ‘வந்தார்கள்’ என்று எழுதப்பட்டிருப்பதை ஒரு குழந்தை ‘வந்தாங்க’ என்று வாசிப்பின், அது துல்லியத்தில் பிழையே எனினும், பொருள் விளங்கியமைக்குச் சான்றாகும். மாறாக, ஒரு பத்தியைப் பிழையின்றி உரக்க வாசித்துவிட்டு, அதில் வருபவர் யார் என்னும் வினாவிற்கு விடையளிக்க இயலாத குழந்தை, ஒலிப்பை மட்டுமே கற்றிருக்கிறது. முதற்குழந்தைக்கு எழுத்துவழக்குப் பயிற்சியும், இரண்டாம் குழந்தைக்குப் பொருளுணரும் பயிற்சியும் தேவை. உரக்க வாசிக்கும் வேகத்தை மட்டும் நோக்கும் பெற்றோர்க்கு இவ்வேறுபாடு புலப்படுவதில்லை.

கணிதத்தை மதிப்பிடுதல்

கணிதத்தில் விடையைவிடப் பிழையே மிகுதியாகப் பேசும். 52 இலிருந்து 27 ஐக் கழிக்கும் கணக்கில் (விடை 25) ஒரு மாணவர் 35 என்றும், மற்றொருவர் 24 என்றும் எழுதுவதாகக் கொள்வோம். இருவர்க்கும் மதிப்பெண் சுழியமே. முதலாமவர் ஒன்றாமிடத்தில் 2 இலிருந்து 7 ஐக் கழிக்க இயலாமையால், 7 இலிருந்து 2 ஐக் கழித்திருக்கிறார். அவர்க்கு இடமதிப்பும் கடன்வாங்கலும் விளங்கவில்லை. இரண்டாமவர் கடன்வாங்கலை அறிந்து, 12 இலிருந்து 7 ஐக் கழிக்கையில் மட்டும் தவறியிருக்கிறார். ஆதலின், முதலாமவர்க்குக் குச்சிகளையும் பத்தின் கட்டுகளையும் கொண்டு மீளக் கற்பிக்க வேண்டும்; இரண்டாமவர்க்குச் சிறிது பயிற்சியே போதும்.

எண்ணுப்பெயர்களிலும் இடர்ப்பாடுகள் உண்டு. நூற்றேழு என்பதைக் கேட்ட குழந்தை, நூறும் ஏழும் எனக் கொண்டு 1007 என எழுதலாம். மேலும், 90 ஐக் குறிக்கும் தொண்ணூறு என்பதில் ‘நூறு’ என்னும் ஒலியும், 900 ஐக் குறிக்கும் தொள்ளாயிரம் என்பதில் ‘ஆயிரம்’ என்னும் சொல்லும் அமைந்துள்ளன. இவ்விடங்களில் நேரும் பிழை, கேட்ட சொல்லைக் குழந்தை தருக்கமுறையில் பின்பற்றியதன் விளைவாதலால், கவனக்குறைவு எனக் கடிதல் தகாது.

பெற்றோர் செய்யத்தக்கவை

விடைத்தாள் வீட்டிற்கு வரும்போது மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன், பிழையான ஒரு விடையைச் சுட்டி, ‘இதை எப்படிச் செய்தாய்?’ என்று குழந்தையிடம் வினவுதல் நன்று. ஆசிரியரைக் காணும்போது, ‘என் குழந்தை எத்தனையாவது இடம்?’ என்பதற்கு மாறாக, ‘எதனைத் தானே செய்கிறது? எதனைத் துணையுடன் செய்கிறது? அடுத்த படி எது? வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?’ ஆகிய வினாக்களை எழுப்பலாம்.

எழுத்தறியாப் பெற்றோர்க்கும் இதில் பங்குண்டு. வாசித்த கதையைத் தம் பேச்சில் சொல்லுமாறு குழந்தையிடம் கேட்பதற்கு எழுத்தறிவு வேண்டா. சந்தையில் கொடுத்த பணத்திற்கு மீதி எவ்வளவு என்று கணக்கிடச் செய்வதும் அத்தகையதே.

கல்வி உரிமைச் சட்டம் 2009 தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீட்டினை வலியுறுத்துகிறது. அச்சட்டத்தின்வழி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கிற்குக் குறையாத உறுப்பினர்கள் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருத்தல் வேண்டும். அக்குழுவின் கூட்டங்களில் கட்டட வசதிகளோடு கற்றல் நிலைகளும் பேசப்படுமாயின், மதிப்பீடு பற்றிய புரிதல் ஊர்ப்பொதுவாகும்.

தொகுப்புரை

வளரறி, தொகுத்தறி மதிப்பீடுகள் தனிக்குழந்தையின் கற்றலையும், பேரளவு ஆய்வுகள் கல்வி அமைப்பின் நிலையையும் உரைப்பன. நிலைப்பெயர்கள் பயிற்சியின் தொடக்கப்புள்ளியைக் காட்டுவன. தமிழ் எழுத்துமுறை, இருவகை வழக்கு, எண்ணுப்பெயர் அமைப்பு ஆகியவற்றின் இயல்பை அறிந்து நோக்கின், குழந்தையின் பிழைகள் பலவற்றிற்குக் காரணம் புலப்படும். காரணம் அறிந்த பெற்றோர் கடிவதைக் குறைத்து, ஆசிரியருடன் இணைந்து அடுத்த படிக்கு வழிகாட்டுவர். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தைகளுக்கு இத்துணை மிக இன்றியமையாதது. அவர்தம் பெற்றோர்க்கு மதிப்பீட்டை எளிய மொழியில் விளக்கும் பொறுப்பு பள்ளிகளுக்கும் கல்வியியல் ஆய்வாளர்களுக்கும் உரியது.